பிளாக்செயினும் கிரிப்டோ சொத்துகளும்: நிதி முதுநிலைப் படிப்பில் உண்மையில் என்ன படிக்கிறார்கள்?

பிளாக்செயின் படிப்பதாக ஒருவர் சொன்னால், அடுத்த கேள்வி பெரும்பாலும் "பிட்காயின் இப்போது வாங்கலாமா?" என்றுதான் வரும். இதற்கு நேர் எதிர்த் திசையிலும் ஒரு பேச்சு உண்டு: "பிட்காயின் வெறும் சூதாட்டம், ஆனால் பிளாக்செயின் உலகத்தையே மாற்றப்போகும் தொழில்நுட்பம்." இரண்டுமே அவசர முடிவுகள். முதலாவது ஒரு பெரிய துறையை விலைப் பலகையாகச் சுருக்கிவிடுகிறது. இரண்டாவது, பணத்தையும் தொழில்நுட்பத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம் என்று நினைக்கிறது. பிட்காயின் போன்ற பொது வலையமைப்புகளில் அப்படிப் பிரிக்க முடியாது. ஏன் என்பது கீழே புரியும்.

சைப்ரஸின் நிக்கோசியா பல்கலைக்கழகம் 2014-இல் டிஜிட்டல் கரன்சிக்கென்றே ஒரு முதுநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. இன்று பல நாடுகளில் நிதி முதுநிலைப் படிப்புகளுக்குள் இது ஒரு பாடமாக வந்துவிட்டது. அங்கே வாங்குவதும் விற்பதும் கற்றுத் தரப்படுவதில்லை. மூன்று கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: இந்த அமைப்பில் யாரை நம்பத் தேவையில்லை என்கிறார்கள்? அவருக்குப் பதிலாக யாரை, எதை நம்புகிறோம்? அந்த மாற்றத்துக்கான செலவு யார் தலையில் விழுகிறது? இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

## ஒரே கணக்கு, பல கைகள்

ஐந்து கூட்டாளிகள் சேர்ந்து தொழில் நடத்துகிறார்கள். கணக்குப் புத்தகம் ஒருவரிடமே இருந்தால் மற்ற நால்வரும் அவரை நம்பித்தான் ஆக வேண்டும். வங்கி விஷயத்தில் நாம் செய்வதும் அதுதான். நம் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு வங்கியின் பேரேடே கடைசி வார்த்தை.

இப்போது ஐந்து பேரும் ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை எழுதி, அதையே அடுத்த பக்கத்தின் தலையில் கொண்டுவருகிறார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு தொகையை யாராவது திருத்தினால் அந்தப் பக்கத்தின் கூட்டு மாறும். நான்காம் பக்கத்தின் தொடக்கம் மாறும். கடைசிப் பக்கம் வரை எல்லாம் இடறும். மற்ற நான்கு பிரதிகளோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பிளாக்செயின் என்பதன் எலும்புக்கூடு இவ்வளவுதான்: பலரிடம் பிரதிகள், ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தோடு பிணைப்பு. பக்கத்துக்குப் பெயர் பிளாக். பிரதியை வைத்திருந்து சரிபார்க்கும் ஒவ்வொரு கணினிக்கும் பெயர் நோட்.

ஆனால் கூட்டுத்தொகையில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரு வரியில் 100 கூட்டி இன்னொரு வரியில் 100 குறைத்தால் கூட்டு மாறாது; திருட்டு தெரியாது. அதனால் நிஜ அமைப்பில் கூட்டுத்தொகைக்குப் பதில் வேறொன்று வேண்டும்.

## ஹாஷ்: தரவின் முத்திரை

ஹாஷ் என்பது எந்தத் தரவைக் கொடுத்தாலும் ஒரே நீளமுள்ள எண்ணாகச் சுருக்கித் தரும் கணக்கு. பிட்காயின் பயன்படுத்தும் ஷா-256 எப்போதும் 256 பிட் நீளமுள்ள விடையைத் தரும். உள்ளே போவது ஒரு சொல்லாகவும் இருக்கலாம், ஒரு நூலகமாகவும் இருக்கலாம். அதன் மூன்று குணங்கள் முக்கியம். ஒரே தரவுக்கு எப்போதும் ஒரே விடை. விடையிலிருந்து தரவைத் திருப்பி எடுக்க நடைமுறையில் வழியில்லை. தரவில் ஒரு காற்புள்ளி மாறினாலும் விடையின் பிட்டுகளில் ஏறக்குறைய பாதி மாறிவிடும்.

ஒவ்வொரு பிளாக்கிலும் முந்தைய பிளாக்கின் ஹாஷ் எழுதப்பட்டிருக்கும். சங்கிலி என்ற பெயர் அதனால் வந்தது. இந்த யோசனை பிட்காயினோடு பிறந்ததும் இல்லை. ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா இருவரும் 1991-லேயே ஆவணங்களுக்குத் தேதி முத்திரை இடுவதற்காக இதை வெளியிட்டுவிட்டார்கள். 2008 அக்டோபர் 31 அன்று வெளிவந்த பிட்காயின் கட்டுரை அவர்களின் ஆய்வுகளை மேற்கோள் காட்டுகிறது. சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் அதை எழுதியவர் புதிதாகச் சேர்த்தது வேறு. அதற்குச் சற்றுப் பிறகு வருவோம்.

## சாவி: கணக்கு யாருடையது?

பிட்காயினில் பெயரும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. இருப்பது ஒரு ஜோடிச் சாவிகள். தனிச் சாவி என்பது உரிமையாளருக்கு மட்டும் தெரிந்த மிகப்பெரிய எண். அதிலிருந்து கணக்கிட்டுப் பெறும் பொதுச் சாவியை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். தனிச் சாவியால் போட்ட டிஜிட்டல் கையெழுத்து சரிதானா என்பதைப் பொதுச் சாவியை வைத்து எவரும் சோதிக்கலாம். ஆனால் அதை வைத்துக் கையெழுத்துப் போட முடியாது.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. வாலெட் என்ற செயலிக்குள் நாணயம் எதுவும் இல்லை. அதற்குள் இருப்பது சாவி மட்டும்தான். நாணயம் என்று நாம் சொல்வது எல்லா நோட்களிலும் இருக்கும் பேரேட்டின் ஒரு பதிவு. சாவி தொலைந்தால் பதிவு அப்படியே இருக்கும். அதை நகர்த்தத்தான் யாராலும் முடியாது. எக்ஸ்சேஞ்சில், அதாவது நாணயங்களை வாங்கி விற்க இடம் தரும் நிறுவனத்தில், வாங்கி அங்கேயே விட்டு வைத்திருப்பவரிடம் சாவியும் இல்லை. அவரிடம் இருப்பது, அந்த நிறுவனம் கேட்கும்போது தர வேண்டும் என்ற ஓர் உரிமைக் கோரிக்கை. 2014 பிப்ரவரியில் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலானபோதும், 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலானபோதும் வாடிக்கையாளர்கள் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் போய் நின்றார்கள். அந்த இரண்டு நிகழ்விலும் பிட்காயின் சங்கிலி ஒரு நொடிகூடப் பழுதாகவில்லை. உடைந்தது பழைய பாணி இடைத்தரகர் நிறுவனம். இந்த வேறுபாட்டை முதல் வாரத்திலேயே மனதில் ஏற்றிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

## அடுத்த பிளாக்கை யார் எழுதுவது?

ஹாஷும் கையெழுத்தும் இருந்தாலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. ஒருவர் தன் ஒரே நாணயத்தை ஒரே நேரத்தில் இருவருக்கு அனுப்பினால்? இரண்டு கையெழுத்தும் சரியானவைதான். எது முதலில் வந்தது என்று யார் தீர்மானிப்பது? இதற்குப் பெயர் இரட்டைச் செலவு. வங்கி இருந்தால் வங்கி தீர்மானிக்கும். யாரும் யாரையும் அறியாத, எவரும் உள்ளே வரலாம் என்ற வலையமைப்பில் வாக்கெடுப்பு வைத்தால், ஒரே ஆள் பத்தாயிரம் கணினிப் பெயர்களில் வந்து வாக்களித்துவிடலாம்.

நகமோட்டோ சேர்த்தது இங்கேதான்: வாக்குரிமைக்கு ஒரு விலை வைத்தார். அடுத்த பிளாக்கை எழுத வேண்டுமானால், அதன் ஹாஷ் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வரும்படி ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது; ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்க்க வேண்டும். மின்சாரமும் இயந்திரமும் செலவாகும். இதுதான் வேலைச் சான்று. இதைச் செய்வதற்குப் பெயர் மைனிங். சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் வரும்படி, ஒவ்வொரு 2,016 பிளாக்குக்கும் ஒருமுறை கடினம் தானாகச் சரிசெய்யப்படுகிறது. வெற்றி பெற்றவருக்குப் புது பிட்காயினும், அந்த பிளாக்கிலுள்ள பரிவர்த்தனைகளின் கட்டணமும் கிடைக்கும்.

பணத்தையும் தொழில்நுட்பத்தையும் ஏன் பிரிக்க முடியாது என்பதற்கு விடை இதுதான். பேரேட்டைக் காப்பவர்களுக்கு அந்த நாணயத்திலேயே கூலி தரப்படுகிறது. நாணயத்துக்கு மதிப்பு இல்லாவிட்டால் கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் காவல் இல்லை. பொருளாதார மாணவருக்கு இதிலிருந்தே அடுத்த கேள்வி கிளம்பும். ஒரு பிளாக்குக்கான பரிசு 50 பிட்காயினில் தொடங்கி ஒவ்வொரு 2,10,000 பிளாக்குக்கும் பாதியாகிறது. 2024 ஏப்ரலில் 3.125 ஆனது. மொத்தம் 2.1 கோடி நாணயங்களுக்கு மேல் வராது. பரிசு தேய்ந்துகொண்டே போனால், கட்டணம் மட்டுமே அந்தக் காவலுக்குப் போதுமா? இதற்கு இன்னும் தீர்ந்த விடை இல்லை. நல்ல ஆய்வேடுகள் இந்த மாதிரி இடங்களில்தான் பிறக்கின்றன.

இரண்டாவது வழி பங்குச் சான்று. மின்சாரத்துக்குப் பதில் பிணைத்தொகை. 2015 ஜூலையில் தொடங்கிய எத்தீரியம் என்ற வலையமைப்பு, 2022 செப்டம்பர் 15 அன்று இந்த முறைக்கு மாறியது. வேலிடேட்டர் என்ற காவலர் எத்தீரியத்தின் நாணயமான ஈதரில் குறைந்தது 32-ஐப் பிணையாக வைக்க வேண்டும். ஒரே இடத்துக்கு இரண்டு முரண்பட்ட பிளாக்குகளில் கையெழுத்திட்டால் பிணையில் ஒரு பகுதி பறிபோகும். இந்த மாற்றத்தால் எத்தீரியத்தின் மின் பயன்பாடு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. பிளாக்செயின் என்றாலே மின்சாரம் விழுங்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது அதனால் சரியல்ல. வேலைச் சான்று உள்ள சங்கிலிகளுக்குத்தான் அது பொருந்தும்.

இதுவரை: ஹாஷ் பழைய பதிவுகளில் கை வைத்ததைக் காட்டிக்கொடுக்கிறது. கையெழுத்து உரிமையாளரைக் காட்டுகிறது. வேலைச் சான்றோ பங்குச் சான்றோ அடுத்து எழுதுபவரைத் தேர்ந்தெடுக்கிறது. வங்கியின் மேல் இருந்த நம்பிக்கை, ஏமாற்றுவது கட்டுப்படியாகாது என்ற ஊக்கக் கணக்கின் மேல் இடம் மாறியிருக்கிறது.

## "மாற்றவே முடியாது" என்பது எவ்வளவு உண்மை?

மாற்றுவது மிகவும் செலவு பிடிக்கும் என்பதே சரியான வாக்கியம். பிட்காயினில் ஒரு பரிவர்த்தனை ஏறிய பிளாக்குக்கு மேல் எத்தனை பிளாக்குகள் அடுக்கப்படுகின்றனவோ, அவ்வளவுக்கு அது உறுதியாகிறது. மொத்தக் கணினித் திறனில் 10 சதவீதம் வைத்திருப்பவர் 6 பிளாக்குகள் பின்தங்கிய பிறகு உண்மைச் சங்கிலியை எட்டிப்பிடிக்கும் வாய்ப்பு 0.0002428 என்று நகமோட்டோவின் கட்டுரை கணக்கிடுகிறது. இது 0.03 சதவீதத்துக்கும் குறைவு. ஆறு உறுதிப்பாடுகள் வரை காத்திருக்கும் வழக்கம் இந்த வகைக் கணக்கிலிருந்து வந்தது. ஆனால் தாக்குபவரிடம் பாதிக்கு மேல் திறன் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. எத்தீரியம் கிளாசிக் என்ற சிறிய சங்கிலியில் 2019-லும் 2020-லும் அதுதான் நடந்தது: பதிவுகள் பின்னோக்கி மாற்றப்பட்டன. பாதுகாப்பு "பிளாக்செயின்" என்ற பெயரில் இல்லை. அந்தக் குறிப்பிட்ட சங்கிலியைத் தாக்க ஆகும் செலவில் இருக்கிறது.

மனிதர்கள் சேர்ந்து மாற்றுவதும் உண்டு. 2016-இல் எத்தீரியத்தின் மேல் தி டாவோ என்ற கூட்டு முதலீட்டு நிதி இயங்கியது. அது ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட். அதாவது சங்கிலியிலேயே பதிந்து வைக்கப்பட்டு, நிபந்தனை நிறைவேறினால் தானாக இயங்கும் நிரல். அதில் பணம் எடுக்கும் பகுதி முதலில் பணத்தை அனுப்பிவிட்டு, அதன் பிறகே இருப்பைக் குறைத்தது. தாக்கியவர், பணம் வந்து சேர்ந்த அந்தக் கணத்திலேயே மறுபடி பணம் கேட்கும்படி தன் நிரலை எழுதியிருந்தார். இருப்பு இன்னும் குறையவில்லை என்பதால் நிரல் மறுபடி கொடுத்தது, மறுபடி, மறுபடி. சுமார் 36 லட்சம் ஈதர் போயிற்று. திருத்தம் என்னவோ எளியதுதான்: முதலில் இருப்பைக் குறை, பிறகு அனுப்பு. இரண்டு வரிகளின் வரிசை.

அந்தப் பணம் உடனே வெளியே எடுக்க முடியாத நிலையில் முடங்கிக் கிடந்தது. இடைப்பட்ட வாரங்களில் பெரும்பான்மையினர் பேரேட்டின் விதியையே மாற்றி, பணத்தை உரியவர்களிடம் சேர்த்தார்கள். ஒப்பாதவர்கள் பழைய சங்கிலியிலேயே தொடர்ந்தார்கள். எத்தீரியம் கிளாசிக் அப்படித்தான் பிரிந்தது. நிரலே சட்டம் என்ற முழக்கத்துக்குப் பின்னால் மனிதர்களின் முடிவும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இல்லை. வகுப்பில் இதற்கு ஒரு முழு வாரம் ஒதுக்கினாலும் தகும்.

## கிரிப்டோ சொத்து: ஒரே பெயருக்குள் பல வகைகள்

பிட்காயின், எத்தீரியத்தின் ஈதர், ஒரு நிறுவனப் பங்கைச் சங்கிலியில் பதிவாக்கிய டோக்கன் வடிவம், டாலருக்கு நிகரான ஸ்டேபிள்காயின்: எல்லாவற்றையும் கிரிப்டோ என்கிறோம். நிதிப் பார்வையில் இவற்றுக்குள் ஒற்றுமை குறைவு. பிட்காயினை வைத்திருப்பவருக்கு யாரும் எதையும் தரக் கடமைப்படவில்லை; வட்டியோ ஈவுத்தொகையோ இல்லாததால் வருங்கால வரவைத் தள்ளுபடி செய்து மதிப்பிடும் முறை அங்கே வேலை செய்யாது. பங்கு டோக்கனுக்கு அந்த முறை அப்படியே பொருந்தும். ஆகவே "கிரிப்டோவை எப்படி மதிப்பிடுவது?" என்ற கேள்வியை அப்படியே கேட்கக்கூடாது. வைத்திருப்பவருக்கு யார்மேல் என்ன உரிமை இருக்கிறது என்பதே முதலில் கேட்க வேண்டியது.

ஸ்டேபிள்காயினில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. ஒரு வகையில், வெளியிடும் நிறுவனம் ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு டாலரை வங்கி வைப்பாகவோ குறுகிய கால அரசுப் பத்திரமாகவோ வைத்திருக்கும். நிதி மாணவர்களுக்கு இது பழக்கமான உருவம்: குறுகிய காலப் பத்திரங்களில் போட்டு, ஒரு பங்கின் மதிப்பை ஒரு டாலரிலேயே வைத்திருக்க முயலும் பணச் சந்தை நிதி. 2008 செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் வீழ்ந்தபோது ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்ற பணச் சந்தை நிதியின் ஒரு டாலர் மதிப்பு 97 சென்ட்டுக்கு இறங்கியது. அதே நோய் 2023 மார்ச்சில் யுஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயினுக்கு வந்தது. அதை வெளியிடும் சர்க்கிள் நிறுவனத்தின் 330 கோடி டாலர் கையிருப்பு, வீழ்ந்த சிலிக்கான் வேலி வங்கியில் மாட்டிக்கொண்டது. அது வார இறுதி. வங்கிகள் மூடியிருந்தன, டோக்கன் சந்தைக்கு விடுமுறையே கிடையாது. விலை 90 சென்ட்டுக்கும் கீழே போனது. அந்த வங்கியின் வைப்புகள் முழுவதும் காக்கப்படும் என்று அமெரிக்க அரசு அறிவித்த பிறகே மீண்டது. நம்பிக்கை எங்கே போய் உட்கார்ந்திருந்தது என்று பாருங்கள்: ஒரு வங்கியிலும், கடைசியில் ஓர் அரசிலும்.

இன்னொரு வகையில் ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு டாலர் என்ற கையிருப்பு இல்லை. டெர்ராயுஎஸ்டி என்ற டோக்கன் ஒன்றைக் கொடுத்தால், ஒரு டாலர் மதிப்புள்ள லூனா என்ற இன்னொரு டோக்கன் புதிதாக அச்சாகிக் கிடைக்கும். டெர்ராயுஎஸ்டி விலை 98 சென்ட்டானால், அதை வாங்கி ஒரு டாலர் லூனாவாக மாற்றி 2 சென்ட் லாபம் பார்ப்பார்கள். அதனால் விலை மீளும் என்பது திட்டம். லூனாவின் விலையும் சேர்ந்து விழும்போதுதான் வினை. லூனா 80 டாலரில் இருந்தால் 80 டெர்ராயுஎஸ்டிக்கு ஒரு லூனா அச்சடித்தால் போதும். ஒரு சென்ட்டுக்கு இறங்கினால் அதே 80-க்கு 8,000 லூனா அச்சடிக்க வேண்டும். அச்சடிக்க அச்சடிக்க விலை இன்னும் இறங்கும். 2022 மே மாதத்தில் சில நாட்களுக்குள் லூனாவின் எண்ணிக்கை சுமார் 35 கோடியிலிருந்து 6.5 லட்சம் கோடியாக ஊதியது. இரண்டும் சேர்ந்து மண்ணாயின. நிரலில் பிழை எதுவும் இல்லை, எழுதியபடியே ஓடியது. பொருளாதார வடிவமைப்புதான் தவறு.

## டீஃபை: இடைத்தரகர் இல்லாத சந்தை

டீஃபை என்பது எக்ஸ்சேஞ்ச், கடன் போன்ற நிதிச் சேவைகளை ஸ்மார்ட் கான்ட்ராக்ட் மூலம் நடத்துவது. இதில் மாணவர்கள் கட்டாயம் கையால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று, 2018-இல் வந்த யூனிஸ்வாப் வழியாகப் பரவிய முறை. அங்கே வாங்குபவர், விற்பவர் என்ற பட்டியல் இல்லை. இரண்டு சொத்துகள் உள்ள ஒரு பொதுக் குவியல் இருக்கும். அவற்றின் பெருக்கற்பலன் மாறக்கூடாது என்பது ஒரே விதி.

குவியலில் 100 ஈதரும் 2,00,000 டாலர் டோக்கனும் இருப்பதாகக் கொள்வோம். விலை ஈதருக்கு 2,000. பெருக்கற்பலன் 2 கோடி. நீங்கள் 10 ஈதர் எடுத்தால் மீதி 90. 2 கோடியை 90-ஆல் வகுத்தால் 2,22,222. ஆகவே நீங்கள் 22,222 டாலர் போட வேண்டும். சராசரி விலை 2,222. பலகையில் பார்த்ததைவிட 11 சதவீதம் கூடுதல். இதற்கு ஸ்லிப்பேஜ் என்று பெயர். குவியல் நூறு மடங்கு பெரியதாக இருந்தால் அதே 10 ஈதர் சராசரியாக 2,002 டாலருக்குக் கிடைக்கும். ஆழமில்லாத குவியலில் பெரிய தொகையை இறக்கினால் ஏன் கை சுடும் என்பது இதில் தெரிந்துவிடும். கட்டணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

குவியலில் பணம் போட்டவரின் நிலை என்ன? விலை 2,000-ஆக இருக்கும்போது ஒருவர் 1 ஈதரும் 2,000 டாலரும் போடுகிறார். விலை 4,000 ஆகிறது. சந்தையில் உள்ளவர்கள் குவியலிலிருந்து ஈதரை எடுத்து டாலரைப் போட்டதால், அவர் பங்கு இப்போது 0.7071 ஈதரும் 2,828 டாலரும், மொத்தம் 5,657. எதுவும் செய்யாமல் கையிலேயே வைத்திருந்தால் 6,000. இழப்பு 5.7 சதவீதம். விலை நான்கு மடங்கானால் இது 20 சதவீதம். கட்டண வருமானம் இதை ஈடு செய்கிறதா என்பதே அவருடைய முதலீட்டுக் கேள்வி. "வருடம் இத்தனை சதவீதம் வருமானம்" என்று காட்டும் விளம்பரங்களில் இந்தக் கழிவு பெரும்பாலும் இருப்பதில்லை.

கடன் பக்கத்தில், கடன் வாங்குபவர் யார் என்று நிரலுக்குத் தெரியாது. அதனால் கடனைவிட அதிகமான ஈடு கேட்கும்: 100 டாலர் வாங்க 150 டாலர் மதிப்புள்ள ஈதர். ஈட்டின் மதிப்பு குறைந்தால் தானாக ஏலம் விடும். 2020 மார்ச் 12 அன்று ஈதர் விலை சரிந்தபோது வலையமைப்பில் நெரிசல் ஏறி, கட்டணம் எகிறி, ஏலம் கேட்பவர்களின் நிரல்கள் பல முடங்கின. மேக்கர்டாவோ என்ற டீஃபை கடன் அமைப்பில் சில ஈடுகள் பூஜ்ய விலைக்குப் போயின. சந்தை சரியும் அதே நேரத்தில்தான் எல்லோருக்கும் வலையமைப்பு தேவைப்படும். இந்த இரண்டு அபாயங்களையும் தனித்தனியாகக் கணக்கிட்டால் விடை தவறும்.

## செட்டில்மென்ட்: வங்கிகள் ஏன் கவனிக்கின்றன?

செட்டில்மென்ட் என்பது வியாபாரம் பேசி முடித்த பிறகு பணமும் பத்திரமும் உண்மையில் கைமாறுவது. ஒருவர் கொடுத்துவிட்டு மற்றவர் கொடுப்பதற்குள் திவாலானால்? 1974 ஜூன் 26 அன்று ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கி மூடப்பட்டபோது இதுவே நடந்தது. ஜெர்மன் நாணயமான மார்க்கைக் கொடுத்தவர்களுக்கு டாலர் வந்து சேரவில்லை. பணமும் பத்திரமும் ஒரே சங்கிலியில் டோக்கனாக இருந்தால், இரண்டும் சேர்ந்தே நகரும் அல்லது இரண்டுமே நகராது என்று நிரலில் எழுதலாம். இந்த அபாயம் அங்கே இல்லாமல் போகும்.

அதற்கு ஒரு விலை உண்டு. ஒரு நிறுவனம் ஒரு நாளில் 500 கோடிக்கு வாங்கி 480 கோடிக்கு விற்கிறது என்றால், நாள் முடிவில் கழித்துப் பார்த்து 20 கோடி மட்டும் கட்டினால் போதும். ஒவ்வொரு வியாபாரமும் அந்த நொடியிலேயே முடிய வேண்டும் என்றால், விற்ற பணம் வந்து சேர்வதற்கு முன்பே வாங்குவதற்கான முழுத்தொகையும் கையில் தயாராக இருக்க வேண்டிவரலாம். அபாயம் குறைகிறது, முடக்கப்படும் பணம் கூடுகிறது. உடனடி செட்டில்மென்ட் எல்லா இடத்திலும் மேல் என்று எழுதும் மாணவர்கள் இந்தப் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

திட்டங்கள் தோற்றதும் பாடத்தில் வரும். ஆஸ்திரேலியப் பங்குச் சந்தை, தன் செட்டில்மென்ட் அமைப்பை இந்தத் தொழில்நுட்பத்தில் மாற்றப்போவதாக 2017-இல் அறிவித்தது; 2022 நவம்பரில் திட்டத்தை நிறுத்தி, சுமார் 25 கோடி ஆஸ்திரேலிய டாலரை நஷ்டத்தில் எழுதியது. ஏற்கெனவே எல்லோரும் நம்பும் ஒரு மைய நிறுவனம் இருக்கும் இடத்தில், பகிர்ந்த பேரேடு எதைத் தீர்க்கிறது என்று முதலிலேயே கேட்க வேண்டும் என்பதே நம் கருத்து.

இதுவரை: கிரிப்டோ சொத்தில் உரிமை யார்மேல் என்று பார்க்க வேண்டும். டீஃபையில் தரகர் போய்விட்டாலும் அபாயம் ஆழம், ஈடு, நெரிசல் என்ற வடிவங்களில் நிற்கிறது. செட்டில்மென்ட்டில் ஓர் அபாயத்தைக் குறைத்தால் வேறொரு செலவு எழுகிறது.

## சட்டப் பகுதி

இதில் மூன்றை அறிந்தால் தொடக்கத்துக்குப் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மைக்கா விதி கிரிப்டோ சொத்துகளை வகைப்படுத்தி, 2024 டிசம்பர் 30 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் ஒரு டோக்கன் முதலீட்டுப் பத்திரமா என்பதற்கு 1946-இன் ஹோவி வழக்கில் உருவான சோதனையைப் பொருத்திப் பார்க்கிறார்கள்; ஸ்டேபிள்காயின்களுக்கென்று 2025 ஜூலையில் ஜீனியஸ் சட்டம் வந்தது. வங்கிகளுக்கு, பல நாட்டு வங்கி மேற்பார்வையாளர்களின் பேசல் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட தரநிலை, பிட்காயின் போன்ற ஈடில்லாச் சொத்துகளுக்கு 1,250 சதவீத அபாய எடை வைக்கிறது. குறைந்தபட்ச மூலதனம் 8 சதவீதம். 1,250-இல் 8 சதவீதம் சரியாக 100. வங்கி 100 ரூபாய்க்கு வைத்திருந்தால் 100 ரூபாய் மூலதனம் ஒதுக்க வேண்டும்.

## படிக்கத் தொடங்குபவர் செய்ய வேண்டியது

புள்ளியியலும் நிதிக் கணக்கும் பைத்தான் நிரலாக்கமும் அடிப்படை அளவில் வேண்டும். கிரிப்டோகிராஃபியின் கணித நிரூபணங்கள் தேவையில்லை. முதல் வாரத்தில் எத்தீரியத்தின் சோதனை வலையமைப்பு ஒன்றில் காசில்லாமல் கிடைக்கும் ஈதரை ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பி, அந்தப் பதிவைத் திறந்து ஒவ்வொரு வரியையும் படிப்பதே நல்ல தொடக்கம். சாதாரணமாக அனுப்புவதற்கு 21,000 அலகு கேஸ் ஆகும். கேஸ் என்பது வேலையின் அளவு, விலையல்ல. ஒரு அலகின் விலை 20 க்வெய் என்றால் கட்டணம் 4,20,000 க்வெய். நூறு கோடி க்வெய் ஓர் ஈதர், ஆக 0.00042 ஈதர். இந்தக் கணக்கை ஒருமுறை தானே போட்டவருக்குக் கட்டணம் ஏன் ஏறி இறங்குகிறது என்பது பிறகு மறக்காது.

ஆய்வேட்டில் சறுக்குவது பெரும்பாலும் தரவில்தான். பங்குச் சந்தை வருடத்தில் சுமார் 252 நாள் இயங்கும்; கிரிப்டோ 365 நாள். தினசரி ஏற்ற இறக்கம் 3 சதவீதம் என்றால், 252-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் ஆண்டுக்கு 47.6 சதவீதம், சரியான 365-ஐ வைத்தால் 57.3. பழைய நிரலை அப்படியே நகலெடுத்து ஓட்டினால் இந்தப் பத்துப் புள்ளி சத்தமில்லாமல் காணாமல் போகும்.

இன்று புழக்கத்தில் உள்ள டோக்கன்களை மட்டும் எடுத்துப் பத்தாண்டு லாபம் கணக்கிட்டால், இறந்துபோனவை எல்லாம் கணக்கில் வராது. விடை அழகாகத் தெரியும். லூனா இதற்குத் தனி எச்சரிக்கை. சரிவுக்குப் பிறகு 2022 மே இறுதியில் புதிய சங்கிலி தொடங்கப்பட்டு, லூனா என்ற குறியீடு அதற்குப் போய்விட்டது; பழையது லூனா கிளாசிக் ஆனது. குறியீட்டை மட்டும் நம்பித் தரவிறக்கியவரின் கோப்பில் அந்த மாபெரும் வீழ்ச்சியே இருக்காது. எக்ஸ்சேஞ்சுகள் அறிவிக்கும் வியாபார அளவில், தனக்குத்தானே வாங்கி விற்றுப் பெருக்கிக் காட்டியதும் கலந்திருக்கலாம்; ஒரே மூலத்தை நம்பாமல் ஒப்பிட வேண்டும்.

சங்கிலியில் உள்ள தரவை நேரடியாக எடுத்தாலும் கவனம் தேவை. ஒருவர் ஆயிரம் முகவரி உருவாக்கலாம். ஓர் எக்ஸ்சேஞ்சின் ஒரே முகவரிக்குப் பின்னால் லட்சம் வாடிக்கையாளர்கள் இருக்கலாம். முகவரிகளின் எண்ணிக்கையை எடுத்து அதைப் பயனர்களின் எண்ணிக்கை என்று அட்டவணைத் தலைப்பில் எழுதினால், தேர்வாளர் முதலில் விரல் வைப்பது அந்த இடத்தில்தான்.